ஊர்க்காரரே நிருபர்: வட்டாரச் செய்தியாளரின் தொழிலும் பின்னணியும் சார்பும்

1. கேள்வி

தாலுகா தலைநகர் ஒன்றின் பேருந்து நிலையத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், போட்டோ ஸ்டூடியோக்காரர், பத்திரிகை ஏஜென்ட், தனியார் பள்ளி ஆசிரியர் ஆகியோரில் யாராவது ஒருவர் ஏதேனும் ஒரு நாளிதழுக்கோ தொலைக்காட்சிக்கோ நிருபராகவும் இருப்பார். விடியும் முன் கட்டுப் பிரித்துப் பையன்களிடம் பத்திரிகை கொடுத்தனுப்புவார். பத்து மணிக்குக் கடை திறப்பார். இடையில் காவல் நிலையத்துக்கு ஒரு போன், அரசு மருத்துவமனைக்கு ஒரு போன். விபத்து என்று தகவல் வந்தால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு பைக்கை எடுப்பார். மாலைக்குள் மாவட்ட டெஸ்க்குக்குச் செய்தியும் படமும் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர வேண்டும். தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துத் தரும் கணக்கும் அவர் தலையில்தான். மறுநாள் செய்தி அச்சாகும்போது அதில் அவர் பெயர் இருக்காது. ‘நமது நிருபர்’ என்று இருக்கும்.

இவரைப் பற்றி நம்மிடையே நிலவும் கருத்து உயர்வானதல்ல. ஊரில் சாதி உண்டு, சொந்தம் உண்டு, வரப்புத் தகராறு உண்டு, கட்சிக்காரர்களோடு கொடுக்கல் வாங்கல் உண்டு. அப்படிப்பட்டவர் தரும் செய்தி எப்படி நடுநிலையாக இருக்கும் என்பது படித்தவர்களின் பொதுவான ஐயம். தலைநகரத்திலிருந்து வரும் நிருபரை நம்பும் அளவுக்கு இவரை நாம் நம்புவதில்லை. அவருடைய பின்னணியும் சொந்தக் கருத்தும் செய்தியைக் கெடுக்கின்றனவா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொதுவில் ஆவணமான மூன்று நிகழ்வுகளை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு இந்தி மாநிலங்களில் நடந்தவை, ஒன்று இலங்கையில். மூன்றிலும் நிருபரின் வேறு வேலை, உறவு, ஊர்ப் பழக்கம் ஆகியவையே விவாதப்பொருளாயின.

2. இதுவரையான புரிதல்

இந்திய மொழி நாளிதழ்கள் எழுபதுகளின் இறுதியிலிருந்து எப்படிப் பெருகின என்பதை ராபின் ஜெஃப்ரி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதினார். எழுத்தறிவு, ஆஃப்செட் அச்சு, கிராமத்துக்குள் வந்த விளம்பரச் சந்தை எல்லாம் சேர்ந்து மாவட்டப் பதிப்புகளை உருவாக்கின. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனிப் பக்கம் என்றால் ஒவ்வொரு பேரூராட்சியிலும் ஓர் ஆள் வேண்டும். இந்தி மாநிலங்களில் அந்த ஆள் யார் என்பதை செவந்தி நினன் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: கடைக்காரர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகை முகவர்கள். நிறுவனம் இவர்களுக்குத் தந்தது சொற்பம். செய்தி சேகரிப்பவரே விளம்பரமும் சேகரிக்கும் ஏற்பாடு அங்கே இயல்பாகிவிட்டிருந்தது.

தமிழுக்கு இது முன்பே அறிமுகம். சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எளிய நடையாலும் சிற்றூர்ச் செய்திகளாலும் வளர்ந்த ஏடு. டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்க வாசிக்க நாலு பேர் கேட்கும் பழக்கம் அதோடு சேர்ந்தே பரவியது. அப்படிப்பட்ட ஏட்டுக்கு ஊர்தோறும் கண்ணும் காதும் தேவைப்பட்டன.

2009ஆம் ஆண்டுத் தேர்தல்களுக்குப் பிறகு ‘காசு கொடுத்து வாங்கிய செய்தி’ பற்றிய சர்ச்சை எழுந்தது. இந்தியப் பத்திரிகை கவுன்சில் அமைத்த துணைக்குழுவில் பரஞ்சோய் குஹா தாகுர்தாவும் கே. ஸ்ரீநிவாஸ் ரெட்டியும் தயாரித்த 2010ஆம் ஆண்டு அறிக்கை, ஊதியத்துக்குப் பதிலாக விளம்பரக் கமிஷன் தந்து நிருபரை முகவராக்கும் வழக்கத்தையும் சுட்டியது. நிறுவனங்களின் பெயர்களைச் சொன்ன அந்த முழு அறிக்கையை வெளியிடக் கவுன்சில் முதலில் தயங்கியதும், 2011இல் மத்தியத் தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகே அது பொதுவெளிக்கு வந்ததும் நினைவில் வைக்க வேண்டியவை.

இந்த ஆய்வுகளிலிருந்து பொதுப்புத்தி எடுத்துக்கொண்டது ஒரு பாதியைத்தான். வட்டார நிருபர் கமிஷன் ஏஜென்ட், ஆகவே அவர் செய்தி கறைபட்டது என்பது அந்தப் பாதி. கமிஷன் ஏற்பாட்டை அமைத்தது யார், அதன் லாபம் யாருக்குப் போனது என்ற மறுபாதி விவாதத்திலிருந்து நழுவிவிட்டது. நிருபர் ‘கவர்’ வாங்குவதைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, அவருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லாததைப் பற்றி எழுதப்படவில்லை.

3. சியூர் பள்ளி: தகவல் சொன்னவரோடு சதி

உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் மாவட்டத்தில் அஹ்ரௌரா என்ற சிறு நகரம். அங்கே செல்போன் கடை வைத்திருந்த பவன் ஜெய்ஸ்வால், ‘ஜன்சந்தேஷ் டைம்ஸ்’ என்ற இந்தி நாளிதழுக்கு நிருபர். 2019 ஆகஸ்ட் 22 அன்று சியூர் கிராமத் தொடக்கப் பள்ளியில் அவர் எடுத்த காணொளி நாடு முழுவதும் பரவியது. குழந்தைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் ரொட்டி. பக்கத்தில் கொஞ்சம் உப்பு. பருப்பு இல்லை, காய் இல்லை. ரொட்டியைத் தவிர, அரசு மதிய உணவுத் திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டிய எதுவும் அந்தத் தட்டில் இல்லை.

மாவட்ட நிர்வாகம் முதலில் செய்தியை ஏற்றுப் பள்ளிப் பொறுப்பாளர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. சில நாளில் காற்று திசைமாறியது. ஆகஸ்ட் 31 அன்று, வட்டாரக் கல்வி அலுவலரின் புகாரில், நிருபர் மீதே வழக்குப் பதிவானது. மோசடி, குற்றச் சதி, பொய்ச் சாட்சியம் உருவாக்குதல் என்று பிரிவுகள். சதி என்றால் யாரோடு? அன்று பள்ளியில் காய்கறி இல்லை என்று தெரிந்து நிருபருக்குச் சொல்லி அனுப்பிய கிராமத் தலைவரின் பிரதிநிதியோடு. தகவல் சொன்னவரும் தகவல் கேட்டுப் போனவரும் சேர்ந்து அரசுக்கு அவப்பெயர் உண்டாக்கத் திட்டமிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு.

வட்டார நிருபர் மீதான பொது ஐயத்தின் முழு வடிவம் இந்த முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறது. ஊரில் அவருக்கு ஆள் பழக்கம் உண்டு என்பதே குற்றமாக்கப்பட்டது. ஆனால் அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் சியூர் பள்ளியின் மதியச் சாப்பாடு யாருக்குத் தெரிந்திருக்கும்? லக்னோவிலிருந்து எந்த நிருபரும் எதேச்சையாக அந்தப் பள்ளிக்குள் நுழைந்திருக்கப் போவதில்லை. கிராமத் தலைவரின் ஆளுக்கு உள்ளூர் அரசியல் கணக்கு ஒன்று இருந்திருக்கலாம், பள்ளி நிர்வாகத்தோடு பகை இருந்திருக்கலாம். இதை மறுக்க வேண்டியதில்லை. தகவல் சொல்பவருக்கு ஏதோ ஒரு நோக்கம் இருப்பது தலைநகரத்திலும் வழக்கம்தான். அமைச்சரவை ரகசியத்தைக் கசியவிடும் அதிகாரிக்கும் நோக்கம் உண்டு. சொன்னவரின் நோக்கம் தட்டில் இருந்ததை மாற்றிவிடாது.

அப்போதைய மாவட்ட ஆட்சியர் சொன்ன விளக்கம் இன்னும் கவனிக்கத்தக்கது. அச்சுப் பத்திரிகையின் நிருபர் என்றால் புகைப்படம் எடுத்து அச்சிட வேண்டியதுதானே, காணொளி எதற்கு எடுத்தார் என்று அவர் கேட்டார். அதனால்தான் சதி என்று சந்தேகம் வருகிறது என்றார். நிருபர் யார், அவர் கையில் எந்தக் கருவி இருக்கலாம் என்பதை அதிகாரம் தீர்மானிக்க முயன்ற தருணம் அது. வட்டார நிருபர் தனியாள். எழுத்து, படம், காணொளி எல்லாவற்றுக்கும் அவரிடம் இருப்பது ஒரே செல்போன். நகரத்து நிருபர் இதே கேள்வியை எதிர்கொண்டிருந்தால் அவருடைய ஆசிரியரும் சட்டப் பிரிவும் பதில் சொல்லியிருப்பார்கள்.

பத்திரிகை கவுன்சில் தலையிட்டது, கண்டனங்கள் எழுந்தன. 2019 டிசம்பரில் காவல் துறை அவர் மீது குற்றம் இல்லை என்றது. பின்னர் அவருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்குப் பணம் இல்லாமல் சமூக ஊடகத்தில் உதவி கேட்டார். 2022 மே 5 அன்று இறந்தார். நாடே பார்த்த ஒரு செய்தியைத் தந்தவருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றி இதைவிட அழுத்தமாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

4. பீஜப்பூர்: சொந்தக்காரரின் சாலை

சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியைச் சேர்ந்த முகேஷ் சந்திராகரின் வாழ்க்கை, பின்னணி என்பது நிருபருக்கு என்ன தருகிறது என்பதை வேறு கோணத்தில் காட்டுகிறது. பீஜப்பூர் மாவட்டத்தின் பாசாகுடாவில் பிறந்தவர். மாவோயிஸ்ட்டுகளுக்கு எதிராக 2005இல் தொடங்கிய சல்வா ஜுடும் நடவடிக்கையால் ஊரைவிட்டு வெளியேறிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தவர்; தாய் அங்கன்வாடி ஊழியர். மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் வேலை உட்படக் கிடைத்த வேலையெல்லாம் செய்து, பிறகு செய்திக்கு வந்தார். பெரிய சேனல்களுக்குத் துணுக்குக் கணக்கில் செய்தி கொடுத்தார். கூடவே ‘பஸ்தர் ஜங்ஷன்’ என்ற யூடியூப் சேனலைத் தாமே நடத்தினார். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பின்தொடர்ந்தார்கள்.

2021 ஏப்ரல் 3 அன்று நடந்த மோதலில் பாதுகாப்புப் படையினர் 22 பேர் கொல்லப்பட்டார்கள். மாவோயிஸ்ட்டுகள் மத்திய ரிசர்வ் காவல் படை வீரர் ராகேஷ்வர் சிங் மன்ஹாஸைப் பிடித்துச் சென்றார்கள். ஐந்து நாள் கழித்து, சமாதானத் தூதர்களோடு காட்டுக்குள் சென்று அவரை மீட்டுவந்த நிருபர்களில் முகேஷும் ஒருவர். விடுவிக்கப்பட்ட வீரரைத் தம் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அவர் வரும் படம் அப்போது எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. அரசும் மாவோயிஸ்ட்டுகளும் கிராமத்தாரும் ஒரே நேரத்தில் நம்பக்கூடிய ஆள் அந்த மண்ணில் மிகச் சிலரே. அந்தப் பகுதியின் மொழியும், எந்த வழியில் யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்ற அறிவும், தன் குடும்பமே அந்தப் போரால் இடம்பெயர்ந்த அனுபவமும் சேர்ந்துதான் அந்த நம்பிக்கையை உண்டாக்கின. இதழியல் கல்லூரிப் பாடத்தில் ‘நடுநிலை’ என்று சொல்லப்படுவது இங்கே விலகி நிற்பதால் கிடைக்கவில்லை. எல்லாத் தரப்புக்கும் தெரிந்தவராக இருந்ததால் கிடைத்தது.

2024 டிசம்பர் இறுதியில், பீஜப்பூர் மாவட்டத்தில் ரூ. 120 கோடி சாலைத் திட்டம் ஒன்றின் தரக்குறைவு பற்றிய செய்தி என்.டி.டி.வி.யில் வெளியானது. அதில் முகேஷின் உழைப்பு இருந்தது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஜனவரி 1 இரவு அவர் காணாமற் போனார். மூன்றாம் தேதி, சாலை ஒப்பந்தக்காரருக்குச் சொந்தமான வளாகத்தில், புதிதாகக் கான்கிரீட் பூசி மூடப்பட்ட செப்டிக் டேங்கில் உடல் கிடைத்தது. கைதானவர்களில் ஒப்பந்தக்காரரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் இருந்தார்கள். அவர்களுடைய குற்றத்தைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். அதைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. இக்கட்டுரைக்குத் தேவையான செய்தி வேறு: அந்த ஒப்பந்தக்காரர் முகேஷுக்குத் தூரத்துச் சொந்தம்.

உறவு செய்தியை மழுங்கடிக்கும் என்பது வட்டார நிருபர் மீதான முதல் குற்றச்சாட்டு. இங்கே அப்படி நடக்கவில்லை. சொந்தக்காரரின் சாலை என்று தெரிந்தும் செய்தி வந்தது. ஒரே ஒரு நிகழ்வை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது என்பது சரி. ஆனால் உறவு இருந்தாலே செய்தி கெட்டுவிடும் என்ற பொதுவிதியை உடைக்க இந்த ஒரு நிகழ்வு போதும். சொந்தம் கெடுத்தது செய்தியை அல்ல, செய்தியாளரின் பாதுகாப்பை. தலைநகரத்து நிருபர் சாலையைப் படமெடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார். உள்ளூர்க்காரர் மறுநாளும் அதே சந்தையில் அதே ஆட்களைப் பார்த்தாக வேண்டும். புத்தாண்டு இரவில் தெரிந்தவர் சாப்பிடக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது.

5. திருகோணமலை: சார்புள்ள ஏடு, மெய்யான படம்

மூன்றாவது நிகழ்வு கடினமானது. நிருபரின் சார்பு மட்டுமல்லாமல், அவர் எழுதிய ஏட்டின் அரசியல் சார்பும் இதில் கேள்விக்குள்ளாகிறது.

2006 ஜனவரி 2 மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுசென்ற கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்பது படைத்தரப்பின் முதல் விளக்கம். சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்ற பகுதிநேரச் செய்தியாளர் அந்த உடல்களைப் படம் எடுத்தார். கொழும்பிலிருந்து வந்த ‘சுடர் ஒளி’ நாளிதழ் அவற்றை வெளியிட்டது. தலையில் துப்பாக்கிக் குண்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. கைக்குண்டுக் கதை அதோடு முடிந்தது. ஜனவரி 24 காலை, வேலைக்குப் போகப் பேருந்துக்காகக் காத்து நின்ற இடத்தில் சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். பாதுகாப்புப் படையினர் நிறைந்த நகரின் நடுப்பகுதி அது. அவர் போகவிருந்த வேலை செய்தி வேலை அல்ல. துறைமுகத்தில் அவர் பார்த்துவந்த வேலை. வீட்டு அடுப்பு அந்தச் சம்பளத்தில்தான் எரிந்தது.

சுடர் ஒளியும் அதன் யாழ்ப்பாணத்துச் சகோதர ஏடான உதயனும் தமிழ்த் தேசியச் சார்புள்ளவை. இது அனைவரும் அறிந்தது, அந்த ஏடுகளும் மறைத்ததில்லை. எனவே அவற்றின் நிருபர் எடுத்த படமும் பிரசாரம்தான் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். இந்த வாதத்தில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. எதைப் படம் எடுக்கப் போவது, எந்தச் சாவைச் செய்தியாக்குவது என்ற தேர்வில் ஏட்டின் சார்பு வேலை செய்யும். தமிழ் மாணவர்களின் சாவு சுடர் ஒளிக்கு முதற்பக்கச் செய்தி. வேறு சில ஏடுகளுக்கு உள்பக்கத்தில் சில வரிகள். அந்த அளவில் சார்பு உண்மைதான், அதை விமர்சிக்கவும் வேண்டும். ஆனால் காயம் எங்கே இருக்கிறது என்பதைச் சார்பு தீர்மானிக்காது. படத்தைச் சரிபார்க்க மருத்துவர்கள் இருந்தார்கள், உடற்கூற்று ஆய்வு இருந்தது. சார்புள்ளவரின் சான்று சரிபார்க்கப்பட்டு நின்றது; சார்பே இல்லை என்று சொல்லிக்கொண்ட அரசின் விளக்கம் சரிபார்க்கப்பட்டபோது விழுந்தது.

அந்தக் கொலைகளில் குற்றம் சாட்டப்பட்ட 13 காவல் படையினரும் 2019இல் போதிய சான்று இல்லை என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். படம் எடுத்தவரின் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை.

6. மறுப்புரை: சார்பு தீங்கு செய்யும் இடங்கள்

மேற்சொன்ன மூவரும் துணிந்தவர்கள். அவர்களை மட்டும் வைத்து வட்டார நிருபர் என்ற இனத்தையே புனிதமாக்குவது ஆய்வு ஆகாது. சார்பு செய்தியைக் கொன்றுவிடும் இடங்களும் உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு முதல் உதாரணம் சாதி.

தலித் குடியிருப்பு தாக்கப்பட்ட மறுநாள் ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று தலைப்பு வருவது நமக்குப் பழகிப்போன ஒன்று. அடித்தவர், அடிபட்டவர் என்ற வேறுபாடு அந்தத் தலைப்பில் கரைந்துவிடும். ஆணவக் கொலை ‘குடும்பத் தகராறு’ ஆகும். கோயில் நுழைவு மறுப்பு ‘திருவிழாவில் பரபரப்பு’ ஆகும். தலைப்பு டெஸ்க்கில் போடப்படுவது என்றாலும், செய்தியின் முதல் வடிவம் ஊரிலிருந்துதான் வருகிறது. அதை அனுப்பும் நிருபர் பெரும்பாலும் ஊர்த் தெருவைச் சேர்ந்தவர். அவருடைய கடைக்கு வாடிக்கையாளர்களும் அந்தத் தெருவினர், மலர் விளம்பரம் தருபவர்களும் அவர்களே, தகவல் தரும் காவல் நிலையமும் அவர்களுக்கு நெருக்கம். சியூரில் செய்தியைக் கொண்டுவந்த அதே நெருக்கம் இங்கே செய்தியை அமுக்குகிறது.

ஆனால் இதை வட்டார நிருபரின் தனிக் குறையாகச் சொல்வதற்கு எதிராக வலுவான சான்றுகள் உண்டு. 1996இல் பி. என். உனியால் டெல்லியில் அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர்களிடையே ஒரு தலித்தைத் தேடிக் கிடைக்காமல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. 2006இல் அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் ஆகியோர் தேசிய ஊடகங்களின் முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்தவர்களை ஆய்ந்தபோது, 71 விழுக்காட்டினர் உயர்சாதி இந்து ஆண்களாக இருந்தார்கள். 2019இல் ஆக்ஸ்ஃபாம், நியூஸ்லாண்ட்ரி ஆய்வு கணக்கிட்ட 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினர் கையில். எனவே தலைநகரத்து நிருபருக்குப் பின்னணி இல்லை என்பது பொய். அவருடைய பின்னணி எல்லோருக்கும் பொதுவானதாகப் பாவிக்கப்படுவதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. ஊர்க்காரரின் சாதி மட்டும் தெரிகிறது. செய்தி ஆசிரியரின் சாதி தெரிவதில்லை.

மாற்று என்ன என்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் தொடங்கிய ‘கபர் லஹரியா’, தலித், ஆதிவாசி, முஸ்லிம் பெண்களைச் செய்தியாளர்களாக்கியது. கை பம்பில் தண்ணீர் எடுக்கத் தடுக்கப்படும் பெண்ணின் புகாரை, அதே தடையை வாழ்ந்து பார்த்த பெண் எழுதினார். இதைச் சார்பு என்றால் சார்புதான். ஆனால் அதுவரை செய்தியே ஆகாத நிகழ்வுகள் அந்தச் சார்பால்தான் செய்தியாயின. அந்த ஏட்டைக் கவனித்தால் முக்கியமான ஒன்று தெரியும்: எழுதியவர்களுக்குப் பயிற்சி இருந்தது, ஊதியம் இருந்தது, ஒருவர் செய்தியை இன்னொருவர் சரிபார்க்கும் ஆசிரியர் கூட்டம் இருந்தது. பின்னணி பலமாக மாறியது இவற்றின் துணையோடுதான்.

சார்பை அளக்க நாம் தவறான இடத்தில் நிற்கிறோம் என்ற முடிவுக்கு இவை என்னைக் கொண்டுவருகின்றன. நிருபரிடம் கருத்து இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரிடமும் இருக்கிறது. அந்தக் கருத்தைச் சரிபார்க்கும் பொறுப்பையும், சரிபார்த்து வெளியிட்ட பின் அவரைக் காக்கும் பொறுப்பையும் யார் ஏற்கிறார்கள் என்பதே கேட்க வேண்டியது. சம்பளம் பெறும் நிருபருக்கு நிறுவனம் இரண்டையும் ஓரளவு செய்கிறது. வட்டார நிருபருக்கு இரண்டையும் செய்வதில்லை. நிறுவனம் தரும் பாதுகாப்பு எதுவும் இல்லாமல், நிறுவன ஊழியரிடம் எதிர்பார்க்கும் நடுநிலையை மட்டும் அவரிடம் கேட்கிறோம்.

7. சட்டம் யாரை நிருபர் என்கிறது

நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் 1952இல் அமைந்த முதல் பத்திரிகை ஆணையம், பத்திரிகையாளர்களின் ஊதியமும் வேலைப் பாதுகாப்பும் மோசமாக இருப்பதைப் பதிவு செய்தது. அதன் விளைவு 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம். அச்சட்டம் பத்திரிகையாளர் என்பதற்கு முதன்மைத் தொழில் என்ற அளவுகோலை வைத்தது. 1981இல் வந்த திருத்தம் ‘முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ’ என்று சேர்த்தது. முதன்மைத் தொழில் நிபந்தனை அப்படியே இருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு மின்னணு, டிஜிட்டல் ஊடகங்களையும் உள்ளே கொண்டுவந்தது. அதிலும் அதே நிபந்தனை தொடர்கிறது.

நடைமுறையில் இதன் பொருள் கொடுமையானது. செல்போன் கடை நடத்துபவருக்கு வருமானம் கடையிலிருந்து. ஆகவே முதன்மைத் தொழில் கடை என்று வாதிட இடமிருக்கிறது. துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் துறைமுக ஊழியர். நிறுவனம் போதிய ஊதியம் தராததால்தான் அவர்கள் வேறு வேலை பார்க்கிறார்கள். அந்த வேறு வேலையையே காட்டி அவர்கள் பத்திரிகையாளர் அல்ல என்று நிறுவனம் சொல்லிவிட முடியும். கையில் ஓர் அடையாள அட்டை கொடுப்பார்கள், நியமன ஆணை கொடுக்க மாட்டார்கள். பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகள் 2011இல் அறிவிக்கப்பட்டு, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பட்டன. அந்தத் தீர்ப்பால் தாலுகா நிருபரின் வீட்டில் எதுவும் மாறவில்லை.

பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு 2016இல் இந்தியா பற்றி வெளியிட்ட அறிக்கைக்கு முன்னுரை எழுதிய பி. சாய்நாத், கொல்லப்பட்டவர்களின் பட்டியலில் பெருநகர ஆங்கில ஊடகத்தார் இல்லை, சிற்றூர்களில் இந்திய மொழிகளில் எழுதியவர்களே இருக்கிறார்கள் என்று சுட்டினார். தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். 2024 ஜனவரி இறுதியில் பல்லடம் பகுதியின் தொலைக்காட்சி நிருபர் ஒருவர், தம்மைச் சிலர் நோட்டமிடுவதாகக் காவல் துறைக்குத் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லியும் உதவி வரவில்லை. கும்பல் அவரை வெட்டியது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் வந்துவிடும் அந்த ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அவர் பிழைத்தார். அரசு நிதி உதவி அறிவித்தது, காவல் ஆய்வாளர் மீது நடவடிக்கை வந்தது. நிருபர்களுக்கு முன்கூட்டிய பாதுகாப்பு எது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

மகாராஷ்டிரம் 2017இலும் சத்தீஸ்கர் 2023இலும் ஊடகத்தாரைக் காக்கச் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றின. சத்தீஸ்கர் மசோதாவின் முதல் வரைவை உருவாக்கியது நீதிபதி அஃப்தாப் ஆலம் தலைமையிலான குழு. இரண்டு ஆண்டுகளுக்குள் அதே மாநிலத்தில்தான் முகேஷ் கொல்லப்பட்டார். தாக்குதலுக்குப் பிறகான தண்டனையை மட்டும் பேசும் சட்டம் போதாது. தாக்குதலுக்கு முன்பே நிருபரை ஏதேனும் ஒரு நிறுவனம் தன்னுடையவர் என்று எழுத்தில் ஏற்றிருக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2021இல் பத்திரிகையாளர் நல வாரியம் அமைத்தது. அதன் வழியாகவே ஒரு மாற்றத்தைத் தொடங்கலாம். ஒருவருடைய செய்தியையோ படத்தையோ தொடர்ந்து வெளியிடும் நிறுவனம், அவருக்கு வேறு வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவரைத் தன் நிருபராக வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும்; காப்பீட்டுத் தொகையைச் செலுத்த வேண்டும்; செய்திக்காக வழக்கு வந்தால் வழக்கறிஞர் வைக்க வேண்டும்; விளம்பரம் பிடிக்கும் வேலையை அவர் மீது சுமத்தக் கூடாது. அரசு விளம்பரம் பெறும் நாளிதழ்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் இதை நிபந்தனையாக்கினால் ஓராண்டுக்குள் ஒவ்வொரு தாலுகாவிலும் நிருபர் யார் என்ற பட்டியல் கிடைத்துவிடும். பத்திரிகையாளர் சங்கங்கள், மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடும் தம் உறுப்பினர் சேர்க்கையைத் தாலுகா வரை கொண்டுபோய், அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடருக்கு முன் இந்தக் கோரிக்கையை வாரியத்திடமும் செய்தித் துறையிடமும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.